பரிசுப் போட்டியில் சின்னப் பொய் சொல்லலாமா? கேள்வி பதில்

இருபது வருடமாகப் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். கடைசி ஆறு வருடமாகச் சில போட்டிகளுக்கு முதல் சுற்றில் படித்துத் தேர்வு செய்து தருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். சட்டம் பற்றிய கேள்விகளை வக்கீலிடம் கேளுங்கள்.

அக்கா, வயது வரம்பு 25. எனக்கு 25 முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஒரு வருடம் குறைத்துப் போடலாமா?

வேண்டாம் தம்பி. அனுப்பும்போது பெரும்பாலும் யாரும் சான்று கேட்க மாட்டார்கள். பெயர் அறிவித்த பிறகுதான் அடையாள அட்டை கேட்பார்கள். அதற்குள் வீட்டில், நண்பர்களிடம் என்று எல்லோரிடமும் சொல்லி முடித்திருப்பீர்கள். அதற்கு முன், வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள் என்று விதிமுறையில் பாருங்கள். வருடத்தின் முதல் நாளை வைத்துக் கணக்கிட்டால் உங்களுக்குப் பொய்யே தேவைப்படாமல் போகலாம்.

என் கதையை முகநூலில் போட்டிருந்தேன். அதை நீக்கிவிட்டு, ‘எங்கும் வெளிவராதது’ என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போடலாமா?

நீக்கினாலும் வெளிவந்தது வெளிவந்ததுதான். படித்தவர்கள் படித்துவிட்டார்கள், யாராவது பகிர்ந்தும் இருப்பார்கள். சில போட்டிகள் சொந்தப் பக்கத்தில் போட்டதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பல போட்டிகள் ஏற்பதே இல்லை. ஒரு வரி மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் பட்டிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரே கதையை இரண்டு போட்டிகளுக்கு அனுப்பினேன். ‘வேறெங்கும் பரிசீலனையில் இல்லை’ என்று இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். இரண்டிலும் தேர்வானது. ஓர் இடத்துக்கு உண்மையை எழுதி விலகிக்கொண்டேன். அவர்கள் பக்கத்தை வடிவமைத்து முடித்திருந்தார்கள். திட்டவில்லை, ‘உங்களால் ஒருவர் வாய்ப்பை இழந்திருப்பார்’ என்று மட்டும் பதில் வந்தது. அந்த ஒருவரை இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

ஓர் ஆளுக்கு ஒரு படைப்புதான் என்கிறார்கள். மனைவி, தம்பி பெயரிலும் அனுப்பினால் தெரியவா போகிறது?

தெரியும். ஒருமுறை நான்கு பெயரில் நான்கு கவிதை வந்தது. நான்கிலும் ‘ஞாபகம்’ என்பது ‘ஞபாகம்’ என்றே இருந்தது. நான்கு முகவரியிலும் அஞ்சல் குறியீட்டில் ஒரே எண் விடுபட்டிருந்தது. நான்கையும் ஒதுக்கினோம். அதில் ஒன்று உண்மையிலேயே நல்ல கவிதை.

பரிசு விழுந்திருக்கிறது, வரி கட்டினால் அனுப்புவோம் என்று செய்தி வந்திருக்கிறது மேடம்...

கட்டாதீர்கள். நீங்கள் கலந்துகொள்ளாத போட்டியில் உங்களுக்குப் பரிசு விழாது.

ஒளிப்படத்தைத் திருத்துவதும் பொய்யா?

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதைப் பெரும்பாலான போட்டிகள் அனுமதிக்கின்றன. இருந்ததை எடுப்பதும் இல்லாததை வைப்பதும் வேறு. எப்படி எடுத்தீர்கள் என்பதிலும் பொய் கூடாது. உலக அளவில் பெயர்பெற்ற காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் 2009-ல் முதல் பரிசு, வேலிக் கதவைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படத்துக்குக் கிடைத்தது. அது பழக்கப்படுத்திய ஓநாயாக இருக்கவே அதிக வாய்ப்பு என்று நடுவர்கள் முடிவுசெய்து 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அதே போட்டியில் 2017-ல் ஒரு பிரிவில் வென்ற எறும்புதின்னிப் படத்தில் இருந்தது பாடம் செய்து வைத்த உயிரற்ற விலங்கு என்று நிபுணர்கள் சொன்னதால் 2018-ல் அதுவும் நீக்கப்பட்டது. படம் எடுத்த இருவருமே மறுத்தார்கள். இரண்டும் அழகான படங்கள்தான். ஆனால் அந்தப் போட்டி காட்டு விலங்கைக் கேட்டது.

எனக்கும் பரிசு விழுந்ததாக ஒரு செய்தி, பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள்...

மேலே சொல்லிவிட்டேன். கட்டாதீர்கள்.

‘மறக்க முடியாத உண்மை அனுபவம்’ போட்டிக்கு, அம்மா நோயில் கிடந்ததாகக் கற்பனையாக எழுதி அனுப்பிவிட்டேன். அம்மா நன்றாக இருக்கிறார். எழுத்து என்றாலே கற்பனைதானே, இதில் என்ன தவறு?

கதைப் போட்டி என்றால் உங்களைக் கொண்டாடுவேன். இவர்கள் கேட்டது நடந்ததை.

யாருக்கும் கெடுதல் இல்லாத பொய், பொய்யே இல்லை என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்களே அக்கா?

அவர்கள் சொன்னது அடுத்தவருக்கு நன்மை தரும் பொய்யை. இதில் நன்மை உங்களுக்கு. கெடுதல், நிஜமாகவே அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, அதைத் தட்டுத்தடுமாறி எழுதி அனுப்பியவருக்கு. அப்படிப்பட்ட கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். ஒரு பெண், அம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டதைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். வாக்கியம் சரியில்லை, முடிவும் சரியில்லை. பக்கத்திலேயே உங்களுடையது போல வழவழவென்று ஒன்று இருந்தால் நடுவர் எதை எடுப்பார்?

(இன்னொருவர்) அனுபவம் எழுதும் எல்லோருமே கொஞ்சம் சேர்த்துத்தானே எழுதுகிறார்கள்? அன்று மழை பெய்ததா என்று யாருக்கு நினைவிருக்கும்?

நியாயமான கேள்வி. மழை தவறாக நினைவிருக்கலாம், பேச்சு வார்த்தைக்கு வார்த்தை நினைவில் நிற்காது, பெயரை மாற்றலாம். அதையெல்லாம் நான் பொய்யாக எண்ணுவதில்லை. நோயே இல்லாதபோது நோய் என்று எழுதுவது நினைவுப் பிழையில் சேராது. மழையை வைத்து நடுவர் பரிசு கொடுப்பதில்லை. நோயை வைத்துக் கொடுப்பார்.

வயதை ஒரு வருடம் கூட்டிப் போடலாமா அக்கா?

முதல் பதிலைப் படியுங்கள். குறைப்பதற்குச் சொன்னதுதான் கூட்டுவதற்கும்.

நான்தான் அக்கா, அம்மா கட்டுரை எழுதியவன். கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. திரும்பப் பெற முடியுமா?

பெரும்பாலும் முடியும். இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தலைப்பு, பெயர், அனுப்பிய தேதி மூன்றையும் குறிப்பிட்டு, ‘என் படைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதினால் போதும். கிடைத்தது என்று அவர்கள் பதில் போடும்வரை விடாதீர்கள். கட்டுரையை அழிக்க வேண்டாம், சிறுகதையாக்கி எடுத்து வையுங்கள். நான்கு நாளில் அம்மாவைப் பற்றி நடந்த ஒன்றை எழுதிவிடலாம்.