எட்டு மாசம் நிறுத்தினவர் மறுபடி குடிச்சிட்டார், இப்ப என்ன பண்றது?

ஈரோடு பக்கத்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் டீ-அடிக்‌ஷன் சென்டர்ல இருந்து வந்து எட்டு மாசம் தொடவே இல்லையாம், போன வாரம் ஒரு சாவு வீட்டுக்குப் போனவர் குடிச்சிட்டு வந்திருக்கார், அன்னிலேர்ந்து தினமும் குடி. செலவு பண்ணதெல்லாம் வீணா, மறுபடி சேர்க்கணுமா, அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல மருந்து கலந்து குடுக்கலாமான்னு கேக்குறாங்க.

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். தயவுசெஞ்சு கலக்காதீங்க. அப்படி கலக்குறதுல பல நேரம் டைசல்ஃபிராம்ங்கிற, குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற மாத்திரை இருக்கலாம், அது உள்ள இருக்கும்போது குடிச்சா முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு பிரஷர் இறங்கிடும், இதய நோய் இருக்கறவருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தின பிறகும் ரெண்டு வாரம் வரைக்கும் அந்த ஆபத்து இருக்கு. தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் மேற்பார்வையில சாப்பிடறவங்களுக்கான மருந்து அது. போஸ்டர் ஒட்டி விக்கிற பொடியில என்ன இருக்குன்னு யாருக்குமே தெரியாது.

எட்டு மாசம் வீண் இல்லீங்க. சுகர் ஏறினா இத்தனை நாள் சாப்பிட்ட மாத்திரை வீண்னு யாரும் சொல்றதில்ல, எங்க தப்பிச்சுதுன்னு பார்ப்போம், இதுவும் அப்படிப்பட்ட நாள்பட்ட நோய்தான். ஆலன் மார்லட்னு ஒரு உளவியலாளர் இதைப் பத்தி நிறைய ஆராய்ச்சி பண்ணியிருக்கார், ஒரு தடவை சறுக்கினவர் "எல்லாம் போச்சு, நான் உருப்பட மாட்டேன்"னு நினைக்கிறதே அவரை முழுசா பழைய குடிக்குத் தள்ளிடுதுன்னு சொன்னார். அடுத்த குவார்ட்டரை வாங்க வைக்கிறதுல அந்த அவமானத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. அதனால போதையில இருக்கும்போது எதுவும் பேசாதீங்க, காலையில தெளிஞ்சப்புறம், மாமியார், பிள்ளைங்க முன்னாடி இல்லாம, "வாங்க, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்"னு மட்டும் சொல்லுங்க.

ஒரு வாரமா தினமும் குடிக்கிறவரை ரூம்ல பூட்டி வச்சு திடீர்னு நிறுத்த வைக்காதீங்க. குடி நின்ன சில மணி நேரத்துலயே கை நடுக்கம், வேர்வை ஆரம்பிக்கும், முதல் ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டு மூணு நாள் கழிச்சு இல்லாத ஆள் தெரியறது, குழப்பமா பேசறதுன்னு போகலாம், அது எமர்ஜென்சி, உடனே 108 கூப்பிடுங்க. முன்னாடி நிறுத்தும்போது ஃபிட்ஸ் வந்திருந்தா இந்த தடவை ஆஸ்பத்திரியில வச்சுதான் நிறுத்தணும், ஏன்னா ஒவ்வொரு தடவையும் இது மோசமாகக்கூடிய விஷயம். அப்படி எதுவும் இல்லைன்னா பல பேருக்கு ஓ.பி.யிலயே பார்த்துக்கலாம், மறுபடி மாசக்கணக்குல சேர்க்கணும்னு கட்டாயம் இல்ல.

டாக்டர்கிட்ட நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் பத்தி கேளுங்க. ஆசையைக் குறைக்கிற மருந்துங்க, முன்னதுக்கு ஈரல் டெஸ்ட், பின்னதுக்கு கிட்னி டெஸ்ட் பார்த்துட்டுதான் குடுப்பாங்க. நல்லாயிட்டோம்னு நடுவுல மாத்திரையை நிறுத்தினாரா, ஏஏ மீட்டிங் (குடியை விட்டவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா கூடுற கூட்டம்) போயிட்டிருந்தவர் போறதை விட்டாரா, தூக்கம் கெட்டுப்போய் எரிஞ்சு விழுந்துட்டு இருந்தாரா, இதையெல்லாம் யோசிச்சு எழுதிட்டுப் போங்க. சறுக்கல் பெரும்பாலும் அந்த சாவு வீட்டுக்கு சில வாரம் முன்னாடியே தொடங்கியிருக்கும்.

இன்னொன்னு, அந்த வீட்டுல கருமாதி வரப்போகுது, அதே கூட்டம் அதே பாட்டிலோட இருக்கும். அவர் போகணுமான்னு இப்பவே அவரோடயே உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க. போறதா இருந்தா குடிக்காத ஒரு மச்சானோ பங்காளியோ கூடவே போய், காரியம் முடிஞ்சதும் சாப்பாட்டுக்குக்கூட நிக்காம கூட்டிட்டு வந்துடணும்.

எங்க போறதுன்னு தெரியலைன்னா 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண், ரெண்டும் இலவசம். குடிச்சிட்டு கை நீட்டுறார்னா அதைப் பொறுத்துக்கிட்டுதான் அவரைக் காப்பாத்தணும்னு இல்ல, பிள்ளைங்களோட அம்மா வீட்டுக்குப் போங்க, பெண்கள் உதவி எண் 181-க்கு போன் பண்ணுங்க, டாக்டர் விஷயத்தை அங்க இருந்தே பார்த்துக்கலாம்.