வாட்ச் காட்டும் நடையும் கலோரியும்: வாசகர் கேள்விகள்

முக்கூடலில் அம்மா பீடி சுற்றுகிறார்கள். ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். உட்கார்ந்து வேலை பார்க்கும்போதும் நடை ஏறுகிறதே?

வாட்சுக்குள் இருக்கும் முடுக்கமானிக்குக் கால் தெரியாது. மணிக்கட்டு மூன்று திசைகளில் அசைவதை அளக்கிறது; அசைவு ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வந்தால் நடை என்று எடுத்துக்கொள்கிறது. மடியில் சுளவை வைத்து, இலை வெட்டி, தூளை அள்ளிச் சுற்றும் கை சில நேரம் அப்படித்தான் அசையும். அம்மா உட்காரும்போது எண்ணைக் குறித்துவைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நிறைய ஏறியிருந்தால் வேலை நேரத்தில் கழற்றி வைக்கட்டும். நடையை எண்ண, இடுப்பில் செருகும் கருவி வாட்சைவிட மேல்.

எனக்கு அந்த எண்ணைவிட அம்மா எழுந்திருக்காமல் இருப்பதுதான் கவலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்கு எழுந்திருக்க மனசு வராது, தெரியும். இருந்தாலும் அரை மணிக்கொரு தடவை வாசல்வரை போய் வரச் சொல்லுங்கள்.

அம்பாசமுத்திரம் பக்கம் நாள் முழுக்க நடவு நட்டேன். வாட்சில் நடை கொஞ்சம்தான். உழைப்பு அவ்வளவுதானா?

நிச்சயமாக இல்லை. குனிந்தபடி சேற்றில் மெல்லப் பின்னால் நகர்கிறீர்கள், கைவீச்சே கிடையாது. நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக் கையால் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தாலும் பல நடைகள் விட்டுப்போகும். சுமையின் எடையோ, சேற்றிலிருந்து காலை உருவும் சிரமமோ முடுக்கமானிக்குத் தெரியாது. இதயத்துடிப்பு ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆனால் வெயிலில் உடம்பைக் குளிர்விக்கவும் இதயம் வேகமாக அடிக்கும். அதையும் உழைப்பாக எண்ணி வாட்ச் கலோரியைக் கூட்டிவிடலாம்.

பாளையங்கோட்டையில் தினமும் காலை நடக்கிறேன். 350 கலோரி காட்டுகிறது. அவ்வளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடலாமா?

வேண்டாம். வயது, எடை, துடிப்பு, அசைவு இவற்றை வைத்து வாட்ச் போடும் உத்தேசக் கணக்கு அது. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் இதயத்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லின. கலோரியில், இருப்பதிலேயே நல்ல கருவியே சராசரி 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம்! சமதரையில் கைவீசி நடப்பவருக்கு நடை எண்ணிக்கை ஓரளவு சரியாக இருக்கும், அதைப் பாருங்கள்.

10,000 நடை கட்டாயமா?

இல்லை. 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியோடு பரவிய எண் அது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாமல் மூச்சு வாங்கினால் அது மிதமான வேகம்.