நாலு துறை மாணவர்களுக்கு ஒரே வலிப் பாடம்: ஆன்லைனில் எப்படி அமைப்பது?

கேள்வி: தருமபுரியில் நர்சிங் கல்லூரி ஆசிரியை நான். எம்பிபிஎஸ், பிசியோதெரபி, பி.பார்ம் மாணவர்களையும் எங்கள் மாணவிகளோடு சேர்த்து, வலி பற்றி ஆன்லைன் பாடம் நடத்தப் போகிறோம். போன தடவை எட்டு விரிவுரை வைத்தோம். முதல் நாள் வந்த கூட்டம் நாலாம் நாள் இல்லை. இந்த முறை எப்படி அமைக்கலாம்?

பதில்: விரிவுரைகளைத் தூக்கிப் போடுங்கள். எல்லோருக்கும் ஒரே விஷயத்தைச் சொன்னால், பக்கத்துத் துறைக்காரரிடம் கேட்க யாருக்கும் ஒன்றும் இருக்காது. கேமராவை அணைத்துவிட்டு மெஸ்ஸுக்குப் போகத்தான் தோன்றும். சேர்ந்து படிக்க வேண்டுமென்றால் தகவலைப் பிரித்துக் கொடுங்கள்: நோயாளி ஒருவர், தாள் நாலு.

ஒரு கற்பனை கேஸ். பென்னாகரம் பக்கம் சாமந்தி பறிக்கும் 54 வயது அம்மா. முழங்கால் வலி, பாதத்தில் எரிச்சல். நர்சிங் தாளில்: வலி பகலில் 4, ராத்திரி 8, போர்வை பட்டாலே எரிகிறது, சிமெண்டுத் தரையில் பாதத்தை வைத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். பிசியோ தாளில்: தொடைத் தசையில் பலமில்லை, குத்துக்காலிட முடியவில்லை, கால் கட்டைவிரலில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் (தொடு உணர்வைச் சோதிக்கும் நைலான் இழை) வைத்தால் தெரியவில்லை. பார்மசி தாளில்: மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய இரண்டு மாத்திரை அட்டைகள், பெயர்தான் வேறு, இரண்டிலும் அசெக்ளோஃபெனாக் (சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரை), ஒன்பது வருஷமாக சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். எம்பிபிஎஸ் தாளில்: கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, கிரியாட்டினின் 1.6 (சிறுநீரகம் தளர்ந்ததற்கு அறிகுறி), எக்ஸ்-ரேயில் மூட்டுத் தேய்மானம்.

கிரியாட்டினினைப் பார்த்தவருக்கு இரட்டை மாத்திரை தெரியாது. மாத்திரையைப் பார்த்தவருக்குச் சிறுநீரகம் தெரியாது. எரிச்சல் நரம்பு வலி, அசெக்ளோஃபெனாக் அதற்குக் கேட்காது. நீண்டகால மெட்ஃபார்மினால் பி12 குறைந்தாலும் இதே எரிச்சல் வரும். நரம்பு வலி மருந்தான பிரிகாபலின் எழுதினால் சிறுநீரகத்துக்கு ஏற்ப அளவைக் குறைக்க வேண்டும். இதெல்லாம் நாலு தாளும் ஒன்று சேர்ந்தால்தான் வெளிவரும். கேஸ் எழுதி முடித்ததும் ஒவ்வொரு தாளாக மறைத்துப் பாருங்கள். எதை மறைத்தாலும் சிகிச்சைத் திட்டம் தப்பாகிப் போக வேண்டும். அப்படி ஆகவில்லையென்றால் அந்தத் துறை சும்மா உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது கேஸுக்கு வெளியூர் போக வேண்டாம். முதுகு விறைத்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் வருபவரிடம் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தார் என்று கேட்கிறார்களா பாருங்கள். தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்தால் எலும்பும் மூட்டும் விறைக்கும்; அதுதான் ஃபுளோரோசிஸ். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு இருக்கிறது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை.

வலியை அளப்பதற்கு ஒரு வாரம் முழுதாக ஒதுக்குங்கள். 0 முதல் 10 வரை எண் கேட்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். நம் ஜனங்கள் எண்ணில் பேசுவதில்லை: குடைச்சல், கடுப்பு, இழுவை, விண்விண், சுருக் சுருக், மதமதப்பு. எரிச்சல், மதமதப்பு, 'கரண்ட் அடிச்ச மாதிரி' என்றால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் கன்னடத்தில் உரி, தெலுங்கில் மண்ட்ட என்பார்கள், இரண்டும் எரிச்சல்தான். இந்தச் சொற்பட்டியலை மாணவர்களே தொகுக்கட்டும். பேச முடியாத குழந்தைக்கு ஃபிளாக், மறதிநோய் முதியவருக்கு பெயினாட் அளவுகோல்களையும் இந்த வாரத்திலேயே முடியுங்கள்.

கொள்கைப் பகுதி சுருக்கமாகப் போதும். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்திய வரையறை, திசு சேதம் இல்லாமலும் வலி இருக்கலாம் என்பதற்கு இடம் தருகிறது; 'நடிக்கிறார்' என்ற பேச்சை அங்கேயே நிறுத்தலாம். வலி மருந்தைப் படிப்படியாகக் கூட்டச் சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் 1986 படிக்கட்டு புற்றுநோய் வலிக்கு வந்தது, எல்லா வலிக்கும் அல்ல என்று சொல்லிவிடுங்கள். மார்ஃபின் மீதான பயத்தையும் பேசியாக வேண்டும். போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் வந்த திருத்தம் அதை வலிக்குக் கிடைக்கச் செய்யத்தான்.

ஆறு வாரம், வாரம் இரண்டு மணி நேரம்: 40 நிமிடம் தானாகப் படிப்பது, 20 நிமிடம் எழுதுவது, ஒரு மணி நேரம் நேரலை. குழுவுக்கு ஏழு பேர், எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் ஒளிந்துகொள்வார்கள். காலையில் வார்டு போஸ்டிங் என்பதால் நேரலை இரவு ஏழரைக்கு. வீடியோ எட்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும். 480பி-யில் சுருக்கினால் சுமார் 40 எம்பி. அஞ்செட்டியிலிருந்து வரும் பிள்ளைக்கு அதுவும் இறங்காது. ஆடியோவும் பிடிஎஃப்பும் கூடவே வையுங்கள். ஆன்லைன் வகுப்பு நடத்தும் மூடுல் மென்பொருள் இலவசம். அதில் 'கேள்வி-பதில்' வகை மன்றத்தைத் தேர்ந்தெடுத்தால், தன் பதிலை எழுதும் வரை மற்றவர் பதிலைப் பார்க்க முடியாது. காப்பியடிப்பும் குறையும், 'டாக்டர் சொல்லட்டும்' என்று காத்திருப்பதும் குறையும்.

அந்தக் காத்திருப்புதான் பெரிய வியாதி. எம்பிபிஎஸ் மாணவர் முதலில் வாயைத் திறந்தால் மற்ற மூன்று துறையினரும் தலையாட்டிவிடுவார்கள். அதனால் பேசும் வரிசையை எழுதியே வையுங்கள்: நர்சிங், பிசியோ, பார்மசி, கடைசியில் எம்பிபிஎஸ். தலைமை வாரம் ஒருவருக்கு மாறட்டும். மதிப்பெண்ணில் 60 குழுவின் திட்டத்துக்கு, 40 தனியாள் எழுத்துக்கு. நாலு கல்லூரியிலும் அது இன்டர்னலில் சேர வேண்டும். ஒரு கல்லூரி விட்டாலும் அந்தப் பிள்ளைகள் மூன்றாம் வாரம் காணாமல் போவார்கள். கற்றார்களா என்று பார்க்க, பாடத்தில் வராத ஒரே கேஸுக்கு முதல் நாளும் கடைசி நாளும் திட்டம் எழுதவைத்து ஒப்பிடுங்கள்.

மோனோஃபிலமென்ட்டைப் பிடிப்பதும், காலைத் தூக்கிப் பார்ப்பதும் திரையில் வராது. அதற்கு அரை நாள் நேரில் கூட்டுங்கள். தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு, துறைக்கு ஒருவராக நாலு மாணவர்களிடம் முதல் கேஸைக் கொடுத்துப் பாருங்கள். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டால் தாள்களில் இன்னும் கொஞ்சம் மறைக்க வேண்டியிருக்கிறது.