முள்வண்டுக்கு எத்தனை பெயர்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கும்பப்பூ (குமரி மாவட்டத்தின் இரண்டாம் பருவம்) நெல் நடவு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இலையில் நரம்பை ஒட்டி நீளவாக்கில் வெள்ளைக் கோடுகள். கூர்ந்து பார்த்தால் மிளகளவில் கருநீல வண்டு, உடம்பெல்லாம் முள். பழைய வேளாண் புத்தகம் 'ஹிஸ்பா ஆர்மிஜெரா' என்கிறது. மகளின் கல்லூரிப் பாடநூல் 'டிக்ளாடிஸ்பா ஆர்மிஜெரா' என்கிறது. இரண்டும் ஒன்றா? (கல்குளம் வட்டம்)

பதில்: வண்டு ஒன்றுதான். மாறியது முதல் பெயரான பேரினப் பெயர் மட்டும். அது மாறிய கதை, பாகப்பிரிவினையில் வீட்டுப்பெயர் யாருக்கு என்ற வழக்கு மாதிரி.

முள் நிறைந்த இலைவண்டுகளுக்கு 'ஹிஸ்பா' என்ற பேரினத்தை 1767-இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் ஏற்படுத்தினார். ஐரோப்பாவில் புல்லில் வாழும் கறுப்பு வண்டு 'ஆட்ரா'வும், மத்தியதரைக்கடல் பக்கத்தின் 'டெஸ்டேசியா'வும் அவர் கொடுத்த பெயர்களே. நம் நெல் வண்டை 1808-இல் விவரித்த பிரெஞ்சுக்காரர் ஒலிவியே, முள் இருக்கிறதே என்று அதையும் ஹிஸ்பாவில் சேர்த்தார். அன்றைக்கு அது சரிதான்.

பிறகு உருப்பெருக்கியில் உணர்கொம்பைப் பார்த்தவர்கள் ஒரு வேறுபாட்டைக் கண்டார்கள். ஆட்ராவுக்கு உணர்கொம்பின் அடிக்கணுவிலேயே ஒரு நீண்ட முள் உண்டு. டெஸ்டேசியாவுக்கும் நெல் வண்டுக்கும் உணர்கொம்பில் முள் கிடையாது. எனவே பேரினத்தைப் பிரிக்க வேண்டியதாயிற்று. பிரித்தால் பழைய பெயர் எந்தப் பங்குக்கு? விதி இதுதான்: பேரினத்தின் 'வகைச் சிற்றினம்' (அந்தப் பேரினத்துக்கு அடையாளமாகக் குறிக்கப்பட்ட சிற்றினம்) எந்தப் பக்கம் போகிறதோ, பெயரும் அந்தப் பக்கம் போகும். பங்கில் எத்தனை சிற்றினம் இருக்கிறது, உழவர்களுக்கு எது பழகிய பெயர் என்பதெல்லாம் கணக்கில் வராது.

குழப்பம் இங்கேதான். 1875-இல் பெல்ஜியத்தின் ஷாப்புயி, ஆட்ராவை 'ஹிஸ்பெல்லா' என்ற புதுப் பேரினத்துக்கு அனுப்பினார். ஹிஸ்பா என்ற பெயர் டெஸ்டேசியா பக்கம் தங்கியது. நெல் வண்டும் அந்தப் பக்கம் என்பதால் ஹிஸ்பாவாகவே இருந்தது. ஆனால் ஹிஸ்பாவின் வகைச் சிற்றினம் ஆட்ராதான் என்று ஏற்கப்பட்டதும் கணக்கு தலைகீழானது. வீட்டுப்பெயர் ஆட்ராவுக்குத் திரும்பியது, ஹிஸ்பெல்லா அதே பேரினத்துக்கு வழக்கொழிந்த மறுபெயராக, வெறும் இணைப்பெயரானது. பெயரில்லாமல் நின்ற டெஸ்டேசியாவுக்கும் நெல் வண்டுக்கும், இத்தாலியின் ஜெஸ்ட்ரோ 1897-இல் உருவாக்கியிருந்த 'டிக்ளாடிஸ்பா' கைகொடுத்தது.

இன்று முழுப்பெயர்: டிக்ளாடிஸ்பா ஆர்மிஜெரா (ஒலிவியே, 1808). அந்த அடைப்புக்குறி அலங்காரம் இல்லை. 'இவர் விவரித்தபோது பேரினம் வேறு' என்பதற்கான அடையாளம் அது. அடைப்புக்குறி இல்லாமல் பெயரும் ஆண்டும் மட்டும் இருந்தால், முதலில் வைத்த பேரினத்திலேயே சிற்றினம் இருக்கிறது என்று அர்த்தம். பழைய பெயரை மறந்துவிட வேண்டாம். பழைய ஆய்வுகளைத் தேடும்போது ஹிஸ்பா என்றும் தேடாவிட்டால் பாதி கண்ணில் படாது.

கேள்வி: மருந்துக் கடையில் 'ஆர்மிஜெரா' என்று அச்சிட்ட டப்பாவைக் கொடுத்தார்கள். அது முள்வண்டுக்குத்தானே? (தோவாளை)

பதில்: பெரும்பாலும் இல்லை. கடையில் பார்க்கும் ஆர்மிஜெரா, 'ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா'. தக்காளி, துவரை, பருத்தியைத் துளைக்கும் காய்ப்புழு, அந்துப்பூச்சி இனம். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'ஆயுதம் தாங்கியது' என்று பொருள். விலங்குப் பெயரிடல் விதிப்படி ஒரு பேரினப் பெயரை வேறொரு விலங்குப் பேரினத்துக்கு வைக்கக்கூடாது. ஆனால் சிற்றினப் பெயரை எத்தனை பேரினத்திலும் வைக்கலாம். எனவே இரண்டாவது சொல்லை மட்டும் படித்து வாங்காதீர்கள். எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு என்று லேபிளில் பாருங்கள்.

மருந்துக்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாய்வண்டு இலை நுனிப் பக்கம் ஒவ்வொரு முட்டையாகத் திசுவுக்குள் செருகும். அதனால் நடும் முன் நாற்றின் நுனியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிள்ளினால் முட்டையும் போகும். கிள்ளியதை வரப்பில் போடாமல் புதையுங்கள். ஒரு எச்சரிக்கை: நாற்றங்காலில் பாக்டீரியா இலைக்கருகல் தெரிந்தால் கிள்ளவே கூடாது, வெட்டுக்காயம் வழியாக அது புகுந்துவிடும். மழை விடாத கும்பப்பூவில் இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. நட்ட வயலில் புழு இலையின் இரு தோலுக்கு நடுவே தின்று அங்கேயே கூட்டுப்புழுவாகும். மேலே பட்டால் மட்டும் கொல்லும் மருந்து அதைத் தொடாது. யூரியாவை அள்ளி விட்ட வயலையே இது முதலில் தேடும்.

கேள்வி: எங்கள் வயலிலும் நீலவண்டுதான், ஆனால் முள் இல்லை. இலை நீளவாக்கில் மடங்கியிருக்கிறது. இதுவும் ஹிஸ்பாவா? (விளவங்கோடு)

பதில்: நீங்கள் சொல்வது 'லெப்டிஸ்பா பிக்மேயா', நெல் நீலவண்டு. 1858-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சேகரிப்புக்காக ஹிஸ்பா வகைகளைப் பட்டியலிட்ட பேலி வைத்த பெயர். பேரினமும் அவருடையதே என்பதால், பேலி, 1858 என்பது அடைப்புக்குறி இல்லாமல் வரும். இதன் புழு இலைக்குள் குடைவதில்லை; மடங்கிய இலையின் மேற்பரப்பைச் சுரண்டும். இலைச்சுருட்டுப் புழுவின் வேலை என்று பலர் ஏமாறுவது இதில்தான். மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். பட்டு நூலால் தைத்திருந்தால் அது இலைச்சுருட்டுப் புழு.

கேள்வி: பள்ளி அறிவியல் மன்றத்துக்கு இவற்றைப் பாடம்செய்து வைக்க வேண்டும். ஊசி குத்தினால் முள் உடைகிறது. (நாகர்கோவில்)

பதில்: ஐந்து மில்லிமீட்டர் வண்டில் ஊசி குத்தவே கூடாது. தடித்த வெள்ளை அட்டையில் எட்டு மில்லிமீட்டர் நீள முக்கோணம் வெட்டி, அதன் அகன்ற பக்கத்தில் ஊசியைக் குத்துங்கள். கூர்முனையில் ஒரு துளி பசை வைத்து, வண்டின் வலது பக்க மார்பை ஒட்டுங்கள். பசை வழிந்தால் கால்களும் அடிப்பக்கமும் மறையும். இனம் காண முடியாது. புழுக்களை எழுபது சதவீத ஆல்கஹாலில் போடுங்கள், உலர்த்தினால் சுருங்கிவிடும்.

லேபிள் இரண்டு வேண்டும். மேலே: ஊர், வட்டம், மாவட்டம், தேதி, பயிர், பிடித்தவர். கீழே தனியாக: இனப்பெயர், இனங்கண்டவர், ஆண்டு. பல பள்ளிப் பெட்டிகளில் பெயர் மட்டும் அழகாக எழுதி ஊரையும் தேதியையும் விட்டுவிடுகிறார்கள். பெயரை நாளை திருத்தி எழுதலாம். எந்த ஏலாவில் (வயல்வெளியில்) பிடித்தது என்பதை யாரும் திரும்ப எழுத முடியாது.

துணைக்குடும்பமும் எழுதுவதானால் 'காசிடினே' என்று போடுங்கள். பழைய நூல்களில் 'ஹிஸ்பினே' தனி. 1919-இல் வெளிவந்த மௌலிக்கின் இந்திய விலங்கினத் தொகுதி ஹிஸ்பினே, காசிடினே இரண்டையும் அடுத்தடுத்து விவரிக்கிறது. இப்போது இரண்டும் ஒன்று. சீனிக்கிழங்குக் கொடியில் தங்கப் பொட்டு மாதிரி ஒட்டியிருக்கும் ஆமைவண்டும் முள்வண்டும் ஒரே பெட்டி வரிசையில் உட்காருவது பார்க்க வேடிக்கைதான், ஆனால் சரியான இடம் அதுவே.