படகுக் கார் மீது ஏன் இத்தனை பாசம்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், நம்மவர்கள் 'படகுக் கார்' என்று அழைத்த அமெரிக்காவின் 1950களின் கார்களைப் பற்றி ஒரு வாசகருக்கு நான் எழுதிய நான்கு வரிப் பதில் போதவில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். அது நியாயமான குறைதான். வந்த கடிதங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மிச்சிகனில் வேலை பார்க்கும் என் மகன் அனுப்பிய படங்களில், 1957ஆம் ஆண்டு செவர்லே கார் ஒன்றைச் சுற்றிப் பெருங்கூட்டம் நிற்கிறது. இவ்வளவு பழைய வண்டி மீது அவர்களுக்கு ஏன் இத்தனை பிரியம்? (வாசகர், காரைக்குடி)

பதில்: உங்கள் மகன் அனுப்பியது பெரும்பாலும் பெல் ஏர் என்ற மாடலாக இருக்கும். அமெரிக்கப் பழைய கார் என்றதும் பலர் மனத்தில் முதலில் எழும் உருவம் அதுதான். இரட்டை வண்ணம், குரோமியப் பட்டைகள், பின்புறத்தில் வால் போல எழுந்த இரு துடுப்புகள், மூன்று பேர் தோளோடு தோள் உரச உட்காரக்கூடிய முன் இருக்கை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதே 1957 மாடல் ஆண்டில் தயாரிப்பு எண்ணிக்கையில் செவர்லேயை ஃபோர்டு முந்திவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பிறந்த ஆண்டில் போட்டியாளரிடம் தோற்ற வண்டிதான் இன்று அந்தக் காலத்துக்கே அடையாளமாக நிற்கிறது. ஆகவே இந்தப் பிரியத்துக்குக் காரணத்தை வண்டிக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1946 முதல் அமெரிக்காவில் குழந்தைகள் பெருந்தொகையாகப் பிறந்தார்கள். அவர்களுக்குப் பத்து வயதானபோது, 1956இல், அதிபர் ஐசன்ஹோவர் நாடு தழுவிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு கேலன் பெட்ரோல் ஏறத்தாழ 30 சென்ட்டுக்கு விற்ற காலம் அது. முதல் அணியினருக்குப் பதினெட்டு வயதானபோது, 1964 ஏப்ரல் 17 அன்று, 2,368 டாலர் தொடக்க விலையில் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங் காரை அறிமுகப்படுத்தியது. முதல் நாளிலேயே ஏறத்தாழ 22,000 பேர் வாங்கவோ பதிவு செய்யவோ செய்தார்கள். அப்பாவின் காரில் பின் இருக்கையில் உறங்கியபடி பயணம் போன பிள்ளைகளாக இருந்து, பின்னர் தங்கள் முதல் சம்பளத்தில் சொந்தக் கார் வாங்கிய தலைமுறை அது. இன்று அவர்கள் ஓய்வு பெற்று, கையில் சற்றுப் பணமும் நேரமும் உள்ளவர்களாக இருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்நாளில் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் புதிய மாடல்கள் வெளிவரும். விற்பனைக் கூடத்தின் கண்ணாடிகளைக் காகிதம் ஒட்டி மறைத்து வைத்திருந்து, குறித்த நாளில் ஊரே கூடிப் பார்க்கத் திறப்பார்கள். ஒரே காரின் விளக்கும் முகப்பும் வருடத்துக்கு வருடம் மாறியதால், தூரத்தில் வருகிற வண்டியைப் பார்த்தே அது எந்த ஆண்டினுடையது என்று சிறுவர்கள் சொல்லிவிடுவார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் 'புயலடித்த வருஷம்' என்று கணக்கு வைப்பதுபோல, அவர்களுடைய நினைவில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கார் இருக்கிறது. அடுத்த ஆண்டு இதைவிட நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையைத் தகட்டிலும் குரோமியத்திலும் வார்த்துக் கொடுத்த வண்டிகள் அவை. கூடி நிற்பவர்கள் ஏங்குவது அந்த நம்பிக்கைக்காகத்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி: பின்னால் இருக்கும் அந்தத் துடுப்புகளால் ஏதாவது பயன் உண்டா? (வாசகி, மதுரை)

பதில்: அவை பெரும்பாலும் அழகுக்காகவே வைக்கப்பட்டவை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வடிவமைப்புக்குத் தலைவராக இருந்த ஹார்லி ஏர்ல், போர்க்காலத்தில் பி-38 என்ற இரட்டை வால் கொண்ட போர் விமானத்தைத் தம் குழுவினரோடு பார்த்தார். அதன் வால் அந்நிறுவனத்தின் 1948ஆம் ஆண்டு கேடிலாக் காரின் பின்புறத்தில் சிறிய புடைப்பாக முளைத்தது. கிரைஸ்லர் நிறுவனத்தின் வெர்ஜில் எக்ஸ்னர் 1957இல் அதை இன்னும் உயர்த்தினார். வேகத்தில் வண்டி தடுமாறாமல் செல்ல அது உதவும் என்றும் அந்நிறுவனம் சொல்லிக்கொண்டது. போட்டி முற்றி, 1959 கேடிலாக்கில் ராக்கெட் நெருப்பைப் போன்ற இரட்டைச் சிவப்பு விளக்குகளோடு துடுப்பு உச்சத்தைத் தொட்டது. அதன்பின் ஆண்டுதோறும் தாழ்ந்து, 1960களின் நடுவில் மறைந்துபோனது.

அதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தெருவில் போகும் சாதாரண மனிதனும் விமானத்தின் காலத்தில் வாழ்கிறான் என்பதை அவனுக்குச் சொன்ன வடிவம் அது.

கேள்வி: 'அந்தக் கால வண்டிதான் வண்டி, கனத்த இரும்பு, மோதினாலும் ஒன்றும் ஆகாது' என்கிறார்களே, உண்மையா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: முற்றிலும் தவறு. இதில் பாசத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2009இல் தன் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி, 1959 பெல் ஏர் ஒன்றையும் 2009 செவர்லே மாலிபு ஒன்றையும் மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிராக மோதவிட்டது. பழைய வண்டியின் முன்பகுதி அப்படியே மடிந்து ஓட்டுநர் இருக்கைக்குள் புகுந்தது. உள்ளே மனிதர் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே உயிர் போயிருக்கும். புதிய வண்டியில் இருந்தவருக்குக் காலில் காயத்தோடு போயிருக்கும். கனமான தகடு என்பது ஒன்று, மோதலின் விசையைத் தான் வாங்கிக்கொண்டு பயணியைக் காக்கும் கட்டமைப்பு என்பது வேறு. மோதினால் மடங்காத ஸ்டீயரிங் தண்டு அந்நாளில் ஓட்டுநரின் மார்புக்கு நேராக நீட்டிய ஈட்டியாகவே இருந்தது. எல்லாப் புதிய கார்களிலும் இருக்கை வார் இருக்க வேண்டும் என்ற கூட்டரசு விதியே 1968இல்தான் நடைமுறைக்கு வந்தது. அன்றைய பெட்ரோலில் நச்சான ஈயமும் கலந்திருந்தது.

ஆனால் பழைய வண்டிக்கு ஒரு பெருமை உண்டு. தொழில் தெரிந்த உங்கள் ஊர்க்காரர்களுக்கு அது உடனே புரியும். பானெட்டைத் தூக்கினால் எஞ்சினும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரும், மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். கையை விட்டுத் திருப்ப இடமும் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டைத் தேய்த்து இடைவெளி சரிபார்ப்பது, கார்பரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பிவிட்டு எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டுச் சரிசெய்வது எல்லாம் சனிக்கிழமை மதியம் வீட்டு முற்றத்தில் நடக்கும். டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் நின்ற பிள்ளை, கேட்காமலே பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டுவிடும். இன்றைய கார் எல்லா வகையிலும் மேலானது. ஆனால் அதன் மூடியைத் திறந்தால் தெரிவது இன்னொரு பிளாஸ்டிக் மூடிதான்.

கேள்வி: அமெரிக்காவில் புத்தம் புதிய காரை மண்ணுக்குள் புதைத்து வைத்தார்கள் என்று படித்தேன். கட்டுக்கதையா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உண்மைதான். இடம் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரம். அம்மாநிலம் உருவான ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாட, 1957 ஜூன் 15 அன்று, பொன்னிறமும் வெள்ளையுமான பிளைமவுத் பெல்விடியர் காரை நீதிமன்றத்தின் முன்னே கான்கிரீட் அறையில் இறக்கி மூடினார்கள். அணுகுண்டு விழுந்தாலும் தாங்கும் என்று சொல்லிக் கட்டிய அறை அது. ஐம்பது ஆண்டு கழித்துப் பெட்ரோல் கிடைக்காமல் போகலாம் என்று 10 கேலன் பெட்ரோலையும் கூடவே வைத்தார்கள். அந்த 1957 மாடலுக்கு அவ்வாண்டு பிளைமவுத் கொடுத்த விளம்பரமே 'திடீரென்று 1960 வந்துவிட்டது' என்பதுதான். 2007ஆம் ஆண்டில் டல்சாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று மிக நெருக்கமாக ஊகிப்பவருக்கே கார் என்றும் அறிவித்தார்கள்.

2007 ஜூன் 15 அன்று, பெருங்கூட்டத்தின் முன் காரை வெளியே எடுத்தார்கள். அறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. சுற்றியிருந்த உறையை விலக்கியபோது, வண்டி முழுவதும் துருவும் சேறும் படிந்து பழுப்பேறிக் கிடந்தது. பொன்னிறத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. போட்டியில் வென்றவர் 1979இலேயே இறந்துவிட்டதால், கார் அவருடைய சகோதரிகளுக்குப் போயிற்று. பிறகு ஒருவர் பெருமுயற்சி செய்து துருவை அகற்றினார்; இறுதியில் அது இல்லினாய் மாநிலத்தில் ஓர் அருங்காட்சியகத்தை அடைந்தது.

எனக்கு இந்தக் கதையில் துருவைவிட அந்த 10 கேலன் பெட்ரோல்தான் மனத்தில் நிற்கிறது. பிறக்காத தலைமுறை நின்றுபோகக் கூடாதே என்று எரிபொருளும் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கேள்வி: அந்தப் பொற்காலம் எல்லோருக்கும் பொற்காலமாக இருந்ததா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: இல்லை. அதே நெடுஞ்சாலையில் கறுப்பினக் குடும்பம் ஒன்று பயணம் செய்தால், எந்த ஊரில் படுக்க இடம் தருவார்கள், எங்கே உணவு தருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு புறப்பட வேண்டும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், 1936 முதல் அதற்கென்றே ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். அது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வந்தது. அதே சமயம், அந்த மக்களுக்குக் கார் என்பது அவமானத்திலிருந்து ஒரு விடுதலையாகவும் இருந்தது. அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில், இனப் பாகுபாடு காட்டிய பேருந்துகளைக் கறுப்பின மக்கள் 1955-56இல் புறக்கணித்த 381 நாட்களில், மக்களை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவை பெரும்பாலும் அண்டை அயலாரின் சொந்தக் கார்களும் தேவாலயங்கள் வாங்கிய ஸ்டேஷன் வேகன்களும்தான். எனவே அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் 1955 மாடல் காரைப் பளபளப்பாகத் துடைத்து வைத்திருந்தால், அதில் வேறொரு நினைவும் கலந்திருக்கும். பழைய காரை நேசிப்பவர் இதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: கியூபாவில் இன்றும் இந்தக் கார்கள்தான் ஓடுகின்றனவாமே? (வாசகர், ஈரோடு)

பதில்: ஓடுகின்றன. 1959 புரட்சிக்கும் அதைத் தொடர்ந்த வணிகத் தடைக்கும் பிறகு அங்கே புதிய அமெரிக்க வண்டிகள் வருவது நின்றுபோனது. மேலே பெல் ஏர், உள்ளே வேறெதற்கோ செய்த டீசல் எஞ்சின் என்றுகூட ஹவானாவில் வண்டிகள் உண்டு. ஏறி உலா வரும் பயணிக்கு அது ஏக்கம். ஓட்டுபவருக்கு அது பிழைப்பு.

கேள்வி: நம் நாட்டில் இவை இருந்தனவா? (வாசகர், சென்னை)

பதில்: இருந்தன. பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பாகங்களை இணைத்துக் கார்களாக்கி விற்றது. உள்நாட்டு உற்பத்தியை முன்னிறுத்திய கொள்கை வந்தபின், 1950களின் நடுவில் விலகியது. காருக்கு அந்நாளில் வழங்கிய 'பிளஷர்' என்ற சொல்லையும், செவர்லேயின் இம்பாலாவைப் பார்த்து நம்மவர்கள் வைத்த 'படகுக் கார்' என்ற பெயரையும் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் இங்கே அது செல்வந்தர் வீட்டு வண்டி. அங்கே தொழிற்சாலைத் தொழிலாளியின் வீட்டு வாசலிலும் நின்ற வண்டி.

கேள்வி: ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட் அருகே மகள் வீட்டுக்குப் போகிறோம். இவற்றை எங்கே பார்க்கலாம்? (வாசகர், சேலம்)

பதில்: நல்ல மாதத்தில்தான் போகிறீர்கள். ஆகஸ்டின் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூ சாலைக்குப் போங்கள். 1909இலேயே ஒரு மைல் தூரத்துக்குக் கான்கிரீட் போடப்பட்ட சாலை அது. சிறுவர்களுக்கான கால்பந்து மைதானத்துக்குப் பணம் திரட்ட 1995இல் தொடங்கிய பழைய கார் உலா, இன்று பல ஊர்களைக் கடந்து செல்லும் திருவிழாவாக வளர்ந்திருக்கிறது. ஒரு மடக்கு நாற்காலி, தொப்பி, குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள்.

உட்வர்டில் வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முதியவரிடம் பேச்சுக் கொடுக்கத் தயங்காதீர்கள். அந்த வண்டியை முதலில் வாங்கியவர் யார் என்று கேட்டால் போதும். அவரே எழுந்து பானெட்டைத் திறந்து காட்டுவார். 1957 பெல் ஏர் கண்ணில் பட்டால், பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்றும் கேளுங்கள். எங்கு தேடினாலும் மூடி தெரியாது. இடது துடுப்பின் பின்விளிம்பில் உள்ள குரோமியப் பட்டையின் ஒரு பகுதியை அவர் மெல்ல விலக்குவார், அதற்குள்தான் இருக்கிறது.