பழைய பைக்கில் ஹேண்டில் இறுக்கம்: கேள்வி பதில்

ஹேண்டில் கனமாகத் திரும்புகிறது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அதில் பாதிப் பேர் கோன் செட்டை (ஹேண்டில் கழுத்துக்குள் இருக்கும் பேரிங்கை) மாற்றிய பிறகு கேட்கிறீர்கள், அதுதான் எனக்கு வருத்தம். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பார்க்காமல் ஒரு சாமானும் வாங்காதீர்கள். முதல் பதிலைப் பொறுமையாகப் படியுங்கள், மற்றதெல்லாம் அதை ஒட்டித்தான் வரும்.

அண்ணா, என்னுடையது 2006 ஸ்ப்ளெண்டர். சந்தில் திருப்பும்போது ஹேண்டிலை இழுக்க வேண்டியிருக்கிறது. மெக்கானிக் பார்த்தவுடனே கோன் செட் போய்விட்டது என்கிறார். மாற்றிவிடவா?

பொறுங்கள் தம்பி. முதலில் காற்று. இந்த வண்டிக்கு முன்னால் 25 பிஎஸ்ஐ வேண்டும். வண்டி சூடாவதற்கு முன் பாருங்கள். காற்று குறைந்தால் டயர் தரையில் அதிக அகலத்துக்குப் படியும், மெதுவாகப் போகும்போது ஹேண்டில் கனக்கும்.

காற்று சரியாக இருந்தும் கனமென்றால் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். ஒருவர் பின் கேரியரை அழுத்தினால் முன்சக்கரம் மேலே எழும். இப்போது ஹேண்டிலை நேராக வைத்து ஒற்றை விரலால் லேசாகத் தள்ளுங்கள். நல்ல வண்டியில் அது தன் எடையிலேயே சாய்ந்து கடைசிவரை போய் நிற்கும். அப்படிப் போனால் கோன் செட்டில் குறை இல்லை, டயரைப் பாருங்கள். ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே மாதிரி இறுக்கமாக நகர்ந்தால் கோன் செட்டின் நட்டை அதிகம் முறுக்கியிருக்கிறார்கள், அல்லது கிரீஸ் காய்ந்து துரு ஏறியிருக்கிறது. நேர்கோட்டுக்கு வரும்போது மட்டும் 'டக்' என்று பிடித்து நின்றால் ரேஸில், அதாவது பால்ஸ் என்கிற இரும்புக் குண்டுகள் உருளும் வளையத்தில், பள்ளம் விழுந்துவிட்டது. வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது? ஒவ்வொரு குழியிலும் பால்ஸ் அதே இடத்தில் இடித்து இடித்துக் குழி பண்ணிவிடும். இந்த மூன்றாவது நிலையில்தான் கோன் செட் மாற்றுவது நியாயம்.

அப்பாவின் ஆர்எக்ஸ் 100-ஐ நான் ஓட்டுகிறேன். பிடிமானம் கூடும் என்று முன்னால் 3.00-18 டயர் போட்டோம். அதிலிருந்து திருப்பக் கஷ்டமாக இருக்கிறது.

அந்த வண்டிக்கு முன்னால் இதைவிட அகலம் குறைந்த 2.50-18 தான். அதன் பழைய லகுவான திருப்பம் வேண்டுமென்றால் அந்த அளவுக்கே திரும்புங்கள். ஹேண்டிலில் வேறெதையும் தொட வேண்டாம்.

சார், கோன் செட் புதிதாக மாற்றினேன். இப்போது மெதுவாகப் போனால் வண்டி இடமும் வலமும் அலைகிறது. அலைன்மென்ட் போய்விட்டதா?

இல்லை, நட்டு அதிகம் இறுக்கம். மெதுவாகப் போகும்போது வண்டி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தால் முன்சக்கரம் தானே இடப்பக்கம் திரும்பி அதை நிமிர்த்தும். நாம் கவனிக்காமலே இது நடந்துகொண்டிருக்கிறது. ஹேண்டில் இறுகிவிட்டால் சக்கரம் தானாகத் திரும்பாது, ஒவ்வொரு முறையும் நாமே பிடித்துத் திருத்த வேண்டும். அதைத்தான் அலைச்சல் என்கிறீர்கள். இதோடு வேகமாக ஓட்டாதீர்கள், ஆபத்து.

சரிசெய்யும் முறை இது: கொக்கி மாதிரி வளைந்த சி ஸ்பானரால் கீழ் நட்டை நன்றாக இறுக்கி, ஹேண்டிலை இரு கடைசிக்கும் சில முறை திருப்பினால் பால்ஸ் இடத்தில் உட்காரும். அப்புறம் நட்டைத் தளர்த்தி, ஆட்டம் நிற்கிற அளவுக்கு மட்டும் மறுபடி முறுக்க வேண்டும். மேல் நட்டை டைட் செய்யும்போது அது கீழ் நட்டையும் சேர்த்து அழுத்தும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எல்லாம் முறுக்கிய பிறகு அந்த ஒற்றை விரல் சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். புது ரேஸ் ஓடி ஓடி இன்னும் கொஞ்சம் படியும், அதனால் முதல் 500 கிலோமீட்டரில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அப்படியும் ஒரு கோணத்தில் மட்டும் இறுக்கம் என்றால் ரேஸைக் கோணலாக அடித்து இறக்கியிருப்பார்கள். கழற்றித்தான் ஆக வேண்டும்.

பழைய புல்லட். இடப்பக்கம் திருப்பினால் மட்டும் இறுக்கம், அப்போது ஐட்லிங்கும் ஏறுகிறது.

ஐட்லிங் ஏறுகிறது என்று எழுதினீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. ஆக்சிலேட்டர் கேபிள் போகும் வழி தப்பு, திருப்பும்போது இழுபடுகிறது. டேங்கின் முன்பக்கம் கேபிளும் ஒயரிங்கும் எங்கே மாட்டுகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒயர் அங்கே மடங்கி மடங்கி உள்ளே அறுந்தால் ஒருநாள் இரவில் ஹெட்லைட் போய்விடும், தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று: பழைய புல்லட் சிலவற்றில் ஹேண்டில் நடுவே ஒரு குமிழ் இருக்கும், அது ஸ்டீயரிங் டேம்பர், ஹேண்டில் ஆடாமல் இறுக்கிப் பிடிப்பது. யாராவது விளையாட்டாகத் திருகியிருந்தால் இரண்டு பக்கமும் கனக்கும்.

தூத்துக்குடியில் இருக்கிறேன். கோன் செட் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. வாரா வாரம் வாட்டர் வாஷ் செய்து சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன்.

அந்த வாஷ்தான் காரணமாக இருக்கும். பிரஷர் தண்ணீரை ஹேண்டில் கழுத்தில் நேராக அடித்தால் கிரீஸ் வெளியேறி, தண்ணீர் உள்ளே தங்கும். கடல் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்த இடத்தை வாளித் தண்ணீரிலும் துணியிலும் கழுவுங்கள். அடுத்த முறை பிரிக்கும்போது பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முழுக்கக் கழுவி, நல்ல லித்தியம் கிரீஸ் தாராளமாக வையுங்கள். பால்ஸை நெருக்கி அடைக்க வேண்டாம், ஏறக்குறைய ஒரு பால் அளவு இடைவெளி இருந்தால்தான் சுழலும்.

எனக்கு ஹேண்டில் லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் முன் பிரேக் பிடித்தால் 'டக்' என்கிறது.

இது லூஸ். முன்சக்கரத்தைத் தூக்கி, சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ் முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் கோன் செட், தெரியாவிட்டால் ஃபோர்க் உள்ளே இருக்கும் புஷ் தேய்ந்திருக்கிறது.

விழுந்த பிறகு இறுக்கம். டி ஸ்டெம் (ஃபோர்க்கை ஹேண்டில் கழுத்தோடு சேர்க்கும் தண்டு) வளைந்திருக்கிறது, லேத்தில் சூடுபண்ணி நிமிர்த்தலாம் என்கிறார்கள்.

வேண்டவே வேண்டாம். உங்கள் முழு எடையும் பிரேக் விசையும் அந்தத் தண்டில்தான் இறங்குகிறது. பணம் கொஞ்சம் கூடினாலும் புதிதாகவே வாங்குங்கள்.

புல்லட்டுக்கு பால்ஸுக்குப் பதில் டேப்பர் ரோலர் (ஒரு முனை சிறுத்த உருளை) போடலாமா?

தாராளமாக. பால் ஒரு புள்ளியில் தாங்குகிறது, ரோலர் ஒரு கோட்டில் தாங்குகிறது. அதனால் பள்ளம் விழுவது குறையும். ஆனால் உங்கள் மாடலுக்கான அளவில் கிடைத்தால்தான். கீழ் ரேஸை சுத்தியலால் ஓரம் ஓரமாக அடிக்காமல், சரியான அளவு குழாய் வைத்து நேராக இறக்கச் சொல்லுங்கள்.