குளிர்காலத்தில் வௌவால்கள் எங்கே போகின்றன?

பனி கொட்டும் நாடுகளில் இருக்கிற பூச்சி தின்னி வௌவால்களைப் பற்றிச் சொல்கிறேன். அவற்றுக்குக் குளிரைவிடப் பட்டினிதான் பெரிய எதிரி. குளிர் வந்துவிட்டால் பறக்கும் பூச்சிகளே இருக்காது. அதனால் சில இடம்பெயரும், பல தூங்கப் போய்விடும்.

இடம்பெயர்வதில் அசத்துபவை உண்டு. டெக்சாஸின் பிராக்கன் குகையில் கோடைக்காலத்தைக் கழிக்கும் லட்சக்கணக்கான வௌவால்களில் பெரும்பாலானவை இலையுதிர் காலத்தில் மெக்சிகோவுக்குப் பறந்துவிடும். லாட்வியாவில் அடையாள வளையம் மாட்டிவிட்ட ஒரு வௌவால், 2,200 கிலோமீட்டருக்கும் அப்பால் ஸ்பெயினில் கிடைத்தது. அந்த இனத்தின் எடை பத்து கிராம்கூட இருக்காது!

மற்றவை குகை, கைவிட்ட சுரங்கம், பாறை இடுக்கு, மரப்பொந்து என்று ஒதுங்கும். சிவப்பு வௌவால் என்ற அமெரிக்க இனம் தரையில் கிடக்கும் சருகுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பொதுவாக இந்தத் தூக்கத்துக்கு உறைநிலைக்குச் சற்று மேலே, அதிகம் ஏறி இறங்காத வெப்பம் வேண்டும். இறக்கைத் தோல் காயாதபடி காற்றில் ஈரமும் வேண்டும். நல்ல குகையில் இரண்டும் கிடைக்கும். தூங்கும்போது உடல் வெப்பம் கிட்டத்தட்ட குகையின் அளவுக்கே இறங்கும். பறக்கும்போது நிமிடத்துக்குப் பல நூறு முறை துடிக்கும் இதயம், அப்போது பத்து இருபது முறைதான் துடிக்கும். கால் விரல்களின் தசைநார்கள் தாமாகவே பூட்டிக்கொள்வதால் தொங்குவதற்கும் சக்தி செலவாகாது.

ஆனால் இது ஒரே மூச்சில் தூங்கும் தூக்கம் இல்லை. அவ்வப்போது விழிக்கும். விழிக்கும் ஒவ்வொரு முறையும் உடலைச் சூடேற்ற வேண்டும், சேர்த்து வைத்த கொழுப்பில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். 2006இல் நியூயார்க் மாநிலத்தில் முதன்முதலாகத் தென்பட்ட வெண்மூக்கு நோய், ஒரு பூஞ்சையால் வருகிறது. அது தூங்கும் வௌவால்களை அடிக்கடி எழுப்பிவிடுகிறது. வசந்தம் வருவதற்குள் கொழுப்பு தீர்ந்து வட அமெரிக்காவில் பல லட்சம் வௌவால்கள் செத்துவிட்டன. அந்தப் பூஞ்சை மனிதர்களின் காலணியிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த குகைக்குப் போகக்கூடியது.

அதனால் வௌவால்கள் தூங்கும் குகைக்குள் குளிர்காலத்தில் தயவுசெய்து போகாதீர்கள். டார்ச் வெளிச்சமும் பேச்சுச் சத்தமும்கூட அவற்றை எழுப்பிவிடலாம். சரி, வீட்டுக்குள்ளேயே ஒன்று வந்துவிட்டால்? ரேபிஸ் ஆபத்து இருப்பதால் வெறுங்கையால் தொடாதீர்கள். வெளியே பனியில் துரத்திவிடவும் வேண்டாம், வனவிலங்கு மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள்.